நஞ்சு விழும் நேரம்: பிரசவத்தின் மூன்றாம் கட்டமும் இயற்கை வழிகளும்

குழந்தை பிறந்த கணம் தொடங்கி நஞ்சுக்கொடி முழுதாக வெளிவந்து விழும்வரை உள்ள இடைவெளியை மகப்பேற்று மருத்துவம் பிரசவத்தின் மூன்றாம் கட்டம் என்று வகுக்கிறது. இடுப்பு வலி எடுத்துக் கருப்பை வாய் விரியும் முதற்கட்டம் பல மணி நேரம் நீளக்கூடியது. குழந்தை வெளிவரும் இரண்டாம் கட்டம் அதைவிடக் குறுகியது. மூன்றாம் கட்டமோ பெரும்பாலான பெண்களுக்கு அரை மணிக்குள் முடிந்துவிடுகிறது. அழுகுரல் கேட்டதும் அறையில் உள்ளவர்களின் கவனமெல்லாம் குழந்தையின்மேல் குவிய, வெளியே காத்திருப்போர் ஆணா பெண்ணா என்று விசாரிக்க, தாயை யாரும் உற்றுப் பார்க்காத இந்தச் சிறுபொழுதில்தான், பிரசவத்தில் தாயின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் முன்னிற்கும் ரத்தப்போக்கு தொடங்குகிறது. நஞ்சுக்கொடி தானாக விழுவதற்கு உடல் என்ன செய்கிறது, அதற்குத் துணைநிற்கும் இயற்கை வழிகள் எவை, அவற்றின் எல்லை எது என்பதே இச்சொற்பொழிவின் பொருள்.

இதைத் திருவண்ணாமலையில் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1989ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று பழைய வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்து உருவான இம்மாவட்டத்தில், ஜமுனாமரத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடிச் சிற்றூர்கள் இருக்கின்றன. சாலையும் வாகனமும் எட்டாத காலத்தில் அங்கே வீட்டுப் பிரசவம் ஒன்றே வழியாக இருந்தது. அண்ணாமலையாரின் மலையடிவாரத்திலோ, ரமணாசிரமத்தை நாடி வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்து தங்கியோரிடமும், இயற்கை வேளாண்மையிலும் மரபு உணவிலும் நாட்டம் கொண்ட இளங்குடும்பங்களிடமும் மருந்தில்லாப் பிரசவம் என்னும் கருத்து மதிப்புடன் பேசப்படுகிறது. ஒரு சாரார் வேறு வழியின்றிச் செய்ததை மற்றொரு சாரார் விரும்பித் தேர்ந்தெடுக்க முனைகின்றனர். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவமனைகளில் நிகழ்ந்தவை. ஆகவே இது எண்ணிக்கையில் சிறிய கேள்வி. ஆனால் தவறாக விடை சொன்னால் ஓர் உயிர் போகும் கேள்வி.

நஞ்சுக்கொடி ஏறத்தாழ அரை கிலோ எடையும் ஒரு சாண் அகலமும் கொண்ட, கருப்பைச் சுவரில் ஒட்டி வளரும் தற்காலிக உறுப்பு. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டருக்குமேல் ரத்தம் பாய்கிறது. அதன் பெரும்பகுதி நஞ்சுக்கொடி ஒட்டியிருக்கும் இடத்துக்குத்தான் செல்கிறது. குழந்தை வெளியேறியதும் கருப்பைத் தசை சுருங்க, ஊதிய பலூனில் ஒட்டிய காகிதம் காற்று இறங்கியதும் மடிந்து பிரிவதுபோல, தானாகச் சுருங்க இயலாத நஞ்சுக்கொடி சுவரிலிருந்து கழன்றுவிடுகிறது. கழன்ற இடத்தில் ரத்தக்குழாய்கள் வாய் திறந்து நிற்கும். அவற்றைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும் தசைநார்கள் இறுகி அவற்றை நெரித்து அடைத்துவிடுகின்றன. மருத்துவ நூல்கள் இதனை உயிருள்ள கட்டு என்று குறிப்பிடுகின்றன. எனவே நஞ்சுக்கொடியைக் கழற்றுவதும் ரத்தத்தை நிறுத்துவதும் ஒரே தசைச் சுருக்கம்தான். கருப்பை தளர்ந்து போனால் இரண்டுமே நடக்காது; நஞ்சுக்கொடி பாதி கழன்று பாதி ஒட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் உள்ளே தங்கியது கருப்பையை முழுதாகச் சுருங்கவிடாமல் தடுக்க, கழன்ற பகுதியிலிருந்து ரத்தம் வந்துகொண்டே இருக்கும்.

நஞ்சுக்கொடி கழன்றுவிட்டதற்கு அனுபவமுள்ள செவிலியர் பார்க்கும் அடையாளங்கள் தெளிவானவை. தொப்புளுக்குக் கீழே அகன்று தட்டையாக இருந்த கருப்பை உருண்டு திரண்டு கல்போல் கெட்டியாகிச் சற்று மேலே எழும். சிறிதளவு ரத்தம் திடீரெனப் பெருகி வரும். வெளியே தெரியும் தொப்புள்கொடி நீண்டு இறங்கும். இந்த அடையாளங்கள் தோன்றியபின் தாய்க்கு இலேசாக முக்கத் தோன்றுவதும், சற்று நிமிர்ந்து உட்கார்ந்தாலோ குந்தினாலோ அதன் எடையாலேயே நஞ்சுக்கொடி வழுக்கி வெளிவருவதும் இயல்பு. அவை தோன்றுவதற்கு முன்பு செய்யக்கூடியது, செய்யத்தக்கது, காத்திருப்பதே. ஆனால் அந்தக் காத்திருப்பு கைகட்டி இருப்பதன்று. அடிவயிற்றில் மெல்லக் கை வைத்துக் கருப்பையின் கெட்டித்தன்மையை உணர்ந்தபடி, நாடியையும், விரிப்பில் சேரும் ரத்தத்தையும், கடிகாரத்தையும் ஒருசேரக் கவனிக்கும் வேலை அது.

கருப்பையைச் சுருங்கவைக்கும் இயற்கைப் பொருள் ஆக்சிடோசின் என்னும் இயக்குநீர். மூளையில் சுரந்து, அதன் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் வழியாக ரத்தத்தில் கலப்பது. பிறந்த குழந்தையை ஈரம் துடைத்துத் துணியின் தடுப்பில்லாமல் தாயின் மார்பின்மேல் கிடத்தும்போதும், அது தேடித் துழாவி முலைக்காம்பைப் பற்றிச் சீம்பாலை உறிஞ்சும்போதும் இந்தச் சுரப்பு கூடுகிறது. பால் கொடுக்கும்போது அடிவயிறு பிடித்து இழுப்பதாகத் தாய்மார் சொல்வது இதனால்தான். அச்சம், குளிர், அறைக்குள் கூச்சல், அதட்டல் ஆகியவை அட்ரினலின் சுரப்பைத் தூண்டி இதற்கு எதிராக வேலை செய்கின்றன. தாயைப் போர்த்தி வெதுவெதுப்பாக வைப்பது, வெளிச்சத்தையும் பேச்சையும் தணிப்பது, நம்பிக்கைக்குரிய பெண்ணொருத்தி உடனிருப்பது என்பனவற்றை இன்றைய மகப்பேற்றியலும் பயனுள்ளவை என்றே ஏற்கிறது. இவற்றினும் எளிதாக மறக்கப்படுவது சிறுநீர்ப்பை. நிறைந்த சிறுநீர்ப்பை கருப்பையை மேலே தள்ளி அதன் சுருக்கத்தைக் கெடுக்கிறது. நஞ்சு விழவில்லை என்று கலங்கும் வேளையில் தாய் சிறுநீர் கழித்ததும் அது விழுந்துவிடுவதை மருத்துவச்சிகளும் செவிலியரும் அறிவார்கள். எந்தப் பக்கவிளைவும் இல்லாத, எந்தச் செலவும் இல்லாத உதவி இது.

ஆயினும் குழந்தை பால் குடிப்பதே ரத்தப்போக்குக்குப் போதிய காப்பு என்று முடிவு கட்டுவதற்கில்லை. மலாவி நாட்டில் மரபுவழி மருத்துவச்சிகள் பார்த்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை வைத்து 1989இல் வெளியான ஆய்வில், பிறந்த உடனே பால் கொடுத்த தாய்மாருக்கும் மற்றவர்களுக்கும் ரத்தப்போக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. உடனே பாலூட்டுவது குழந்தைக்குச் செய்யும் நன்மை ஐயத்துக்கு இடமில்லாதது. கருப்பைக்கும் அது துணை. காவல் என்று மட்டும் அதனை நம்பிவிடக் கூடாது.

மரபில் வழங்கிய உத்திகளை எடைபோடுவதற்கு ஒரு பாகுபாடு வேண்டும்: நஞ்சுக்கொடி சுவரிலிருந்து கழல்வது வேறு, கழன்றது வெளியே தள்ளப்படுவது வேறு. நஞ்சு விழத் தாமதமானால் தாயின் கூந்தல் நுனியையே அவள் வாயில் வைத்து ஓங்கரிக்கச் செய்வது நாட்டு மருத்துவச்சிகளிடம் பரவலாக இருந்த முறை. மயிர்ப் பின்னலால் அண்ணத்தையும் தொண்டையையும் வருடும் இம்முறை சரக சம்ஹிதையின் சாரீரஸ்தானத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. அதாவது இதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குக் குறையாத வயது உண்டு. ஓங்கரிக்கும்போதும், இருமும்போதும், சில நாடுகளில் செய்வதுபோல வெற்றுப் பாட்டிலில் ஊதும்போதும் வயிற்றுத் தசைகள் இறுகி உள்ளழுத்தம் கூடுகிறது. ஏற்கெனவே கழன்று கருப்பை வாயிலோ பிறப்புப் பாதையிலோ தங்கிய நஞ்சுக்கொடியை அந்த அழுத்தம் வெளியே தள்ளிவிடும். குந்தி உட்கார்வதும் இதையே இன்னும் சாந்தமாகச் செய்யும். கழலாத நஞ்சுக்கொடியை இவற்றில் எதுவும் கழற்றாது. மருத்துவச்சியின் உத்தி நூறில் தொண்ணூற்றைந்து முறை பலித்ததாக ஒரு மூதாட்டி சொன்னால் அது பொய்யாக இராது. தானாகக் கழன்றிருந்த தொண்ணூற்றைந்தே அவை. மீதமுள்ளவர்களுக்கு அந்த உத்தியால் கழிந்தது நேரம் மட்டுமே.

மூலிகைகளில் செங்காந்தளைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டின் மாநில மலரான இக்கொடியின் கிழங்கைக் கலப்பைக் கிழங்கு என்றும் கண்வலிக் கிழங்கு என்றும் மக்கள் அழைப்பர். நஞ்சு விழாதபோது இக்கிழங்கை அரைத்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் பூசுவது இந்திய மரபு மருத்துவத்தில் நெடுங்காலம் இருந்த வழக்கம். தொப்புளைச் சுற்றியும் அடிவயிற்றிலும் பூசியதும் உண்டு. இதிலுள்ள கோல்சிசின் மருந்துத் தொழிலுக்கு வேண்டப்படுவதால்தான் மேற்குத் தமிழகத்தில் விவசாயிகள் இதனை விதைக்காகப் பயிரிட்டு ஏற்றுமதி செய்கின்றனர். அதே கோல்சிசின் செல்கள் பிரிந்து பெருகுவதைத் தடுக்கும் கடும் நஞ்சு. சிறிதளவு கிழங்கு வயிற்றுக்குள் போனால் வாந்தி, பேதி, உறுப்புகள் செயலிழத்தல், மரணம் என்று முடியும். ரத்தம் இழந்துகொண்டிருக்கும் பெண்ணிடம் இதைப் பயன்படுத்துவதற்கு எந்த நியாயமும் இல்லை. பழைய நூலில் இருக்கிறது என்பதற்காகவோ, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது என்பதற்காகவோ ஒன்று தீங்கற்றதாகிவிடாது.

பிரசவத்துக்குப்பின் தரும் சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த லேகியமும், வறுத்த பெருங்காயமும், பூண்டும் இத்தகையவை அல்ல. உணவைச் சேர்ந்தவை, அளவோடு கொடுத்தால் பசியைத் தூண்டுபவை. அவற்றோடு ஒட்டி வரும் ஒரு நம்பிக்கைதான் ஆபத்தானது. பிள்ளை பெற்றவளின் உடலில் பத்து மாதமாகத் தேங்கிய கெட்ட ரத்தம் வெளியேற வேண்டும், எவ்வளவு போகிறதோ அவ்வளவு நல்லது என்னும் எண்ணம் தமிழ்நாட்டு வீடுகளில் இன்னும் வேரோடியிருக்கிறது. தேங்கிய ரத்தம் என ஒன்று கிடையாது. வெளியேறுவது உடலில் ஓடிக்கொண்டிருக்கும் ரத்தமே. துணி நனைந்து பாய் நனைந்த பிறகும் “அழுக்கெல்லாம் போகட்டும்” என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்லும் அந்தக் கால்மணி நேரம், காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர் கைநழுவும் நேரமாகிவிடுகிறது. மூலிகையைவிட இந்த நம்பிக்கையே கூடுதலான தாய்மாரைக் கொன்றிருக்கக்கூடும்.

மரபு சரியாகச் செய்ததையும் சொல்ல வேண்டும். நஞ்சு விழுந்த பிறகே தொப்புள்கொடியை அறுப்பது நாட்டின் பல பகுதிகளில் மருத்துவச்சிகள் கடைப்பிடித்த ஒழுங்கு. மருத்துவமனைகளோ இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் குழந்தை வெளிவந்த உடனே கொடியைக் கவ்வியிட்டு வெட்டின. பிற்பாடு நடந்த ஆய்வுகள், சற்றுப் பொறுத்தால் நஞ்சுக்கொடியில் நிற்கும் ரத்தத்தில் 80 முதல் 100 மில்லிலிட்டர் வரை குழந்தைக்குச் சென்று சேரும் என்றும், அதன் பிந்தைய மாதங்களில் இரும்புச்சத்துக் குறைபாடு குறையும் என்றும் காட்டின. இப்போது உலக சுகாதார நிறுவனம் ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் காத்திருந்து கொடியை அறுக்கும்படி பரிந்துரைக்கிறது. அதேபோல 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர் கிரெடே பரப்பிய, வயிற்றின்மேல் கருப்பையைப் பிடித்துப் பிழிந்து நஞ்சை வெளியேற்றும் முறையை மருத்துவமே பின்னர் கைவிட்டது. அவசரப்பட்டுக் கொடியை இழுப்பதும் வயிற்றை அமுக்குவதும் வீட்டில் செய்தாலும் மருத்துவமனையில் செய்தாலும் தீங்கே: கொடி அறுந்துபோகலாம், நஞ்சின் துண்டு உள்ளே தங்கலாம், அரிதாகக் கருப்பையே உட்புறம் வெளிப்புறமாகப் புரண்டு வெளிவரலாம். பயிற்சி பெற்றவர், கருப்பை இறுகியபின், ஒரு கையால் அதை மேல்நோக்கித் தாங்கிக்கொண்டு மறுகையால் கொடியை மென்மையாக இழுப்பது மட்டுமே ஏற்கத்தக்கது.

ஊசியா இயற்கையா என்று எதிரெதிராக நிறுத்திப் பேசுவது இந்தப் பொருளில் பொருந்தாது. பிட்யூட்டரிச் சாறு கருப்பையைச் சுருக்குகிறது என்று ஹென்றி டேல் 1906இல் கண்டறிந்தார். 1953இல் வின்சென்ட் டு விக்னோ ஆக்சிடோசினின் அமைப்பை அறிந்து ஆய்வகத்திலேயே உருவாக்கினார், அவருக்கு 1955இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பிரசவம் முடிந்ததும் தொடையில் போடப்படும் 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி, குழந்தை பால் குடிக்கும்போது தாயின் உடல் சுரக்கும் அதே மூலக்கூறுதான். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1988இலும் ஹிஞ்சிங்புரூக்கில் 1998இலும் வெளியான ஆய்வுகள், மருந்தோடு நஞ்சை வெளியேற்றும் முறையையும் மருந்தின்றிக் காத்திருக்கும் முறையையும் ஒப்பிட்டன. 500 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட ரத்தப்போக்கு முதல் ஆய்வில் மருந்து முறையின் 5.9 விழுக்காட்டுக்கு எதிராகக் காத்திருக்கும் முறையில் 17.9 விழுக்காடாகவும், இரண்டாவதில் 6.8க்கு எதிராக 16.5 ஆகவும் இருந்தது. காத்திருக்கும் முறையில் பயிற்சியும் விருப்பமும் உள்ளவர்கள் நிறைந்த ஹிஞ்சிங்புரூக்கிலும் வேறுபாடு மறையவில்லை என்பது கவனத்துக்குரியது. இயற்கை முறையில் ஐந்தில் நான்கு பேருக்குமேல் நலமாகவே இருந்தார்கள் என்பதும் இதே எண்களிலிருந்து தெரிவதே. நல்ல உடல்நலமும் போதிய ரத்தமும் உள்ள பெண், விவரமறிந்து, ஊசியும் ரத்தமும் அறுவை அரங்கும் பக்கத்திலேயே உள்ள இடத்தில் காத்திருக்க விரும்பினால் அதை மறுக்க வேண்டியதில்லை. அங்கும் எல்லை உண்டு: பிரிட்டனின் வழிகாட்டு நெறிகள் மருந்தில்லாத முறைக்கு ஒரு மணி நேரமும், மருந்து கொடுத்தபின் அரை மணி நேரமும் வரையறுக்கின்றன, ரத்தம் பெருகினால் அந்த நேரமும் கிடையாது.

இந்தத் தேர்வு யாருக்கு உரியதன்று என்பதைத் தமிழ்நாட்டின் நிலையை வைத்தே சொல்லிவிடலாம். ஐந்தாவது குடும்ப நல ஆய்வு தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ரத்தசோகை இருப்பதாகக் கண்டது. ஹீமோகுளோபின் 12 உள்ளவள் தாங்கிக்கொள்ளும் இழப்பை 8 உள்ளவள் தாங்கமாட்டாள். ஆகவே நஞ்சு விழுவதற்கான இயற்கை வழிகளில் முதலாவது, பிரசவ அறையில் தொடங்குவதன்று. கிராம சுகாதாரச் செவிலியர் தரும் இரும்புச்சத்து மாத்திரையை மலச்சிக்கலுக்கு அஞ்சித் தூக்கி எறியாமல் விழுங்குவதிலும், முருங்கைக்கீரையும் கேழ்வரகும் பயறும் முட்டையும் தட்டில் இருப்பதிலும் தொடங்குவது. இந்தத் தேர்வுக்கு அடுத்த தடை முந்தைய சிசேரியன். அதே ஆய்வில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவைப் பிரசவங்கள். முந்தைய அறுவையின் தழும்பின்மேல் நஞ்சுக்கொடி ஒட்டினால் அது தசைக்குள் ஊடுருவி வளரும் வாய்ப்பு கூடுகிறது, அப்படி ஊடுருவியதை எந்த இயற்கை முறையும் கழற்றாது, இழுத்தால் உயிருக்கே ஆபத்து. இரட்டைக் குழந்தை, முன்பு ரத்தப்போக்கு கண்டவர், நெடுநேரம் வலியெடுத்துக் களைத்த கருப்பை ஆகியவையும் இவ்வரிசையில் சேரும்.

2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஓர் இளம் ஆசிரியை ரத்தப்போக்கால் இறந்தார். 2023 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அதே போன்ற இன்னொரு மரணம். 2024இல் குன்றத்தூர் அருகே நிகழ்ந்த வீட்டுப் பிரசவத்தை விசாரித்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உறுப்பினராக இருந்த, வீட்டுப் பிரசவத்துக்கான வாட்ஸ்அப் குழு ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. இக்குடும்பங்களைப் பழிப்பது எளிது, அது போதாது. பிரசவ அறையில் மல்லாந்து படுக்கவைப்பது, உறவுப்பெண்ணை உள்ளே விடாதது, வலியில் கத்தினால் ஏசுவது, பிறந்த குழந்தையை எடை பார்க்கவென்று உடனே பிரித்துச் செல்வது என்று பெண்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறைகள், அவர்களை மருத்துவமனையிலிருந்து விலக்குகின்றன. தமிழ்நாட்டுப் பெண்களின் பிரசவ அனுபவங்களை ஆராய்ந்து 2003இல் சிசிலியா வான் ஹாலன் வெளியிட்ட நூலிலும் இத்தகைய மனக்குறைகள் பதிவாகியிருக்கின்றன. விரும்பிய நிலையில் பிள்ளை பெறுவது, உடனிருக்கத் துணை, முதல் ஒரு மணி நேரம் தாயின் மார்பில் குழந்தை என்பனவெல்லாம் உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரைகளில் உள்ளவை. இயற்கைப் பிரசவத்தை நாடுவோர் கேட்பதில் பெரும்பகுதியை அரசு மருத்துவமனையே தர முடியும், தர வேண்டும். தரும் இடத்தில் எவரும் காணொளியை நம்பி வீட்டில் படுக்க மாட்டார்.

திருவண்ணாமலைக்கே உரிய இடர் ஒன்று தூரம், மற்றொன்று கூட்டம். கட்டுக்கடங்காத ரத்தப்போக்கு தொடங்கினால் சிகிச்சையின்றி இரண்டு மணி நேரத்திலேயே உயிர் போகக்கூடும். ஜவ்வாது மலையின் வளைவுச் சாலையில் 108 வாகனம் ஏறி இறங்குவதற்குள் அந்த நேரத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அதனால்தான் நாள் நெருங்கிய பெண்கள் முன்கூட்டியே வந்து தங்கும் காத்திருப்பு அறைகள் பழங்குடிப் பகுதிகளில் தேவைப்படுகின்றன. நகரிலோ, பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இலட்சக்கணக்கானோர் நடக்க, கார்த்திகை தீபத்தின்போது வண்டிகள் ஊரெல்லையிலேயே நிறுத்தப்படுகின்றன. பிள்ளை வரம் வேண்டிப் பெற்றவர்கள் கரும்புகளில் சேலையைக் கட்டித் தொட்டிலாக்கி, அதில் குழந்தையைக் கிடத்தி, கணவனும் மனைவியும் முன்னும் பின்னும் தோளில் சுமந்து மாடவீதியைச் சுற்றிவருவது இந்தத் திருவிழாவில்தான். அந்த வேண்டுதலைச் செலுத்தத் தாய் உயிரோடிருக்க வேண்டும். தீபத்தையோ பௌர்ணமியையோ ஒட்டிப் பிரசவ நாள் குறிக்கப்பட்ட பெண்ணை, முன்கூட்டியே மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்கவைப்பது குடும்பத்தாரின் கடமை.

வாகனமும் குளிர்ப்பெட்டியும் எட்டாத இடங்களுக்கு மருத்துவம் வைத்திருக்கும் விடையும் நம் பக்கத்து மாநிலத்திலிருந்தே வந்தது. ஆக்சிடோசின் ஊசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. கருப்பையைச் சுருக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரைக்கு அது தேவையில்லை. கர்நாடகத்தின் பெலகாவி மாவட்டத்துக் கிராமங்களில் 1,620 பெண்களிடம் நடத்தி 2006இல் வெளியிடப்பட்ட ஆய்வில், துணைச் செவிலியர் கொடுத்த 600 மைக்ரோகிராம் மாத்திரை ரத்தப்போக்கை 12 விழுக்காட்டிலிருந்து 6.4ஆகக் குறைத்தது. அங்கேதான் அளவுக்கோடுகள் இட்ட பை பொருத்திய பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் இடுப்புக்கடியில் வைத்து ரத்தத்தை அளந்தார்கள். கண்ணால் பார்த்துச் சொன்ன மதிப்பீடு, அளந்ததைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. தேர்ந்த கண்ணுக்கே இந்தப் பிழை நேர்கிறது என்றால், மங்கிய விளக்கொளியில் பழந்துணியைப் பார்த்து “கொஞ்சம்தான் போயிருக்கிறது” என்று சொல்லும் உறவினரின் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நஞ்சு விழுந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. அதை அகன்ற தட்டில் விரித்து, கருப்பைச் சுவரை ஒட்டியிருந்த பக்கத்திலுள்ள பதினைந்து இருபது மடல்களும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, பனிக்குடச் சவ்வு முழுதாக இருக்கிறதா, ஓரத்தில் அறுந்த ரத்தக்குழாய் தெரிகிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஒரு மடல் குறைந்தாலும் அது உள்ளே இருக்கிறது என்றே பொருள். மருத்துவமனையில் நஞ்சுக்கொடி பின்னர் மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பைக்குச் செல்லும். வீட்டு வழக்கத்தில் குழி தோண்டிப் புதைப்பர். புதைக்கும் சடங்கை மதிக்கும் குடும்பத்தார் கேட்டுப் பெற்றுக்கொண்டாலும், இந்தச் சோதனைக்கு முன்பு அதைக் கையில் கொடுத்துவிடலாகாது. அடுத்த இரண்டு மணி நேரத்துக்குக் கால்மணிக்கொரு தரம் கருப்பை கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதும், நாடியையும் ரத்த அழுத்தத்தையும் குறித்து வைப்பதும், தாய்க்குக் குடிக்கக் கொடுத்துச் சிறுநீர் கழிக்கச் செய்வதும், குழந்தையை அவள் மார்பிலிருந்து எடுக்காமல் இருப்பதும் அவளை வார்டுக்கு அனுப்பும்வரை தொடர வேண்டியவை.